நூறு பூவில் ஒன்று

18 யூன் 2024, செவ்வாய்

இன்று ஐம்பத்திரண்டு பூ. விரல் நுனி எரிகிறது. ஆனாலும் எழுத வேண்டும் போலிருக்கிறது. பள்ளிக்கூடத்தை விட்ட இந்த ஒன்றரை வருடத்தில், காலையில் தொடங்கிய ஒன்றைப் பின்னேரம் வரை நான் விடாமல் செய்தது இன்றைக்குத்தான்.

சாவகச்சேரியில் 'ஒலிவ மலர்' என்று ஒரு கைவேலை நிலையம். நடத்துகிறவர் ஜெனிற்றா மிஸ். றிபன், நூல், ஊசி, கம்பி எல்லாம் ஒரு பெட்டியில் தருகிறார்கள். வீட்டில் இருந்தபடி றிபனை மடித்து ரோசாப்பூ செய்து, நூறு நூறாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கனடாவில் எங்கடை ஆக்களின் கலியாண மண்டபங்களில் மேசைக்கு மேசை வைக்கிறதுக்காம். பெட்டிக்கு முதலில் நாங்கள் காசு கட்ட வேண்டும். அம்மா சீட்டு எடுத்துக் கட்டினார்.

"வேலை செய்யிறவன் வேலைக்குக் காசு குடுக்கிறதை இப்பதான் கேள்விப்படுறன்," என்றார் அப்பா. அவர் மேசன். "நான் மதில் கட்டப் போகேக்கை வீட்டுக்காரனுக்குக் காசைக் குடுத்துப்போட்டே சாந்து குழைக்கிறனான்?"

"உங்களுக்கு எல்லாத்திலையும் ஒரு நொட்டை. ஜெனிற்றா மிஸ் ஜெபம் பண்ணிப்போட்டுத்தான் பெட்டியையே கையிலை தந்தவ."

அப்பா எழுந்து கை கழுவப் போய்விட்டார். எங்கள் வீட்டில் ஜெபம் என்ற சொல்லுக்குப் பிறகு ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை.

22 யூன், சனி

நூறும் முடிந்தது. பெட்டியோடு மாதிரியாக ஒரு பூவும் தந்தார்கள். என்னுடையதை ஒவ்வொன்றாக அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மாதிரியின் அடியில் வெள்ளை நூலால் முடிச்சுப் போட்டிருக்கிறது. எங்களுக்குத் தந்தது சிவப்பு நூல். அது ஒன்றுதான் வித்தியாசம். வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

26 யூன், புதன்

இரண்டு பஸ் மாறி நானும் அம்மாவும் சாவகச்சேரிக்குப் போனோம். சந்தைக்குப் பின்தெருவில் ஒரு சாமான் கடையின் மேல்மாடி. ஜெனிற்றா மிஸ் பூக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடவுள் உன்ரை கையிலை ஒரு வரம் வைச்சிருக்கிறார் பிள்ளை."

நூறும் சரியாம். உறையில் போட்டுப் புது நோட்டாகத் தந்தார். அம்மாவின் கண் கலங்கிவிட்டது.

பிறகு போனை என் வாய்க்கு நேரே பிடித்தார். "ஒரு சின்னச் சாட்சி சொல்லு. குறூப்பிலை போட."

எங்கள் வேதக் கோயிலில் சாட்சி சொல்வதென்றால், கடவுள் தனக்குச் செய்த நன்மையை எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று சொல்வது. அம்மா சொல்வார். வீட்டில் ஜெபக் கூட்டம் வைக்கிற ஜஸ்ரின் அங்கிள் அரை மணித்தியாலம் சொல்வார். நான் ஒரு நாளும் சொன்னதில்லை. வகுப்பில் வாசிக்கச் சொன்னாலே எனக்குக் குரல் அடைத்துவிடும்.

"எனக்குக் கதைக்க வராது மிஸ்."

"அதுதானே வேணும்," என்று சிரித்தார். தானே ஒரு கடதாசியில் எழுதித் தந்தார். ஐந்து தரம் வாசித்தேன். இரண்டாம் தரம் "நான்... நான் நிஷானி, சண்டிலிப்பாய்" என்று தடக்குப்பட்டுவிட்டேன். அதைத்தான் எடுத்தார். "மற்றதெல்லாம் வாசிக்கிற மாதிரிக் கிடக்கு. இது உண்மை மாதிரிக் கிடக்கு."

உண்மைதானே? காசு தந்தார்கள்தானே? பிறகு ஏன் 'மாதிரி'?

30 யூன், ஞாயிறு

கோயிலால் வெளியே வர, எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். என் குரல் எல்லோருடைய போனுக்கும் போயிருந்தது. "எங்கடை நிஷானி வாய் திறந்திட்டாள்! இனி சபை ஐயர் பிரசங்கத்தையும் இவளிட்டையே குடுக்கலாம்," என்று ஜஸ்ரின் அங்கிள் சொல்ல ஒரே சிரிப்பு. நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன். ஆனால் உள்ளுக்குள்... சரி, எழுதுகிறேன். பிடித்திருந்தது.

பின்னேரம் தக்சாயினி அக்கா தகர வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பக்கத்து வீடு. மயிலிட்டிக்காரி. மனிசன் அங்கே நின்று கடலுக்குப் போகிறவர். கிழமைக்கு ஒரு தரம்தான் வருவார். இவர் ஒரு சின்னப் பெண்பிள்ளையோடும் மூன்று ஆடுகளோடும் இங்கே.

"உன்ரை குரல் என்ரை போனுக்கும் வந்தது, நிஷா. ரெண்டு தரம் கேட்டன்."

"ஐயோ அக்கா."

"உண்மையே?"

"ஓம் அக்கா. காசு தந்தவை."

"அப்ப நானும் எடுக்கிறன். வேறை ஆரும் சொல்லியிருந்தால் எடுக்க மாட்டன். நீ பொய் சொல்லுறதெண்டாலும் வாய் திறக்க வேணுமே! பிறகு, வேதக்காரர் ஜெபம் பண்ணிச் செய்யிற வேலை. அதிலை சுத்துமாத்து இராது."

9 யூலை, செவ்வாய்

இருநூறு கொண்டுபோனேன். இருநூறையும் கழித்துவிட்டார்கள்.

"இதழ் சாய்ஞ்சு கிடக்கு பிள்ளை. கனடாக்காரர் ஒரு சாய்வையும் ஏற்க மாட்டினம்." நூறில் ஆறு பிழையென்றால் நூறும் கழிவு என்பது சட்டமாம். கழித்த பூவைத் திருப்பியும் தர மாட்டார்களாம். திரும்பச் செய்வதென்றால் புதுப் பெட்டி. அதற்குத் திரும்பக் காசு.

"சோர்ந்து போகாதை. முதல் நூறும் உன்ரை கைதானே செய்தது?"

ஓம். என் கைதான். பிறகு என்ன நடந்தது என் கைக்கு?

19 யூலை, வெள்ளி

திரும்பவும் கழிவு. இந்த முறை ஒவ்வொரு பூவையும் அளந்து மடித்தேன். அம்மாவின் கண்ணாடியைக்கூடப் போட்டுப் பார்த்தேன்.

பஸ்ஸில் வரும்போது கணக்கு ரீச்சர் ஞாபகம் வந்தார். என் கொப்பியை விரித்துப் பிடித்து வகுப்புக்குக் காட்டுவார், "இதுதான் செய்யக்கூடாத முறை" என்று. ஓ.எல். சோதனையில் கணக்கு சித்தியில்லை. திரும்ப எடுக்க நான் போகவில்லை. அந்த வகுப்புக்குள் இன்னொரு தரம் கால் வைக்க என்னால் ஏலாது.

தக்சாயினி அக்காவின் இரண்டு நூறையும் கழித்துவிட்டார்களாம். "என்ரை விரல் வலை முடிஞ்சு தடிச்ச விரல். உன்ரை அளவுக்கு வராதுதானே," என்று தன்னையே நொந்துகொண்டார். எனக்கும் கழிவு என்று நான் சொல்லவில்லை. வெட்கம்.

20 யூலை, சனி

என்னால் ஒன்றுமே சரியாகச் செய்ய முடியாது.

31 யூலை, புதன்

ஒழுங்காக எழுத வேண்டும்.

இன்னொரு புதுப் பெட்டி. நேற்று எண்ணிப் பார்த்தால் தொண்ணூற்றொன்பது. ஒன்றைப் பூனை இழுத்துச் சிதைத்துவிட்டது. றிபன் முடிந்துவிட்டது. நூறு இல்லாவிட்டால் கையிலேயே எடுக்க மாட்டார்கள். அதனால் மாதிரிப் பூவை எடுத்து நடுவில் செருகினேன். களவுதான். தெரிந்துதான் செய்தேன். பஸ்ஸில் போகும்போது பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, 'கண்டுபிடித்தால் என்ன சொல்வது, என்ன சொல்வது' என்று ஒரே யோசனை. அம்மாவுக்குக் காய்ச்சல், அப்பாவுக்கு வேலை; தனியேதான் போனேன்.

ஜெனிற்றா மிஸ் பெட்டியைத் திறந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒதுக்கினார். நாலாவதாக ஒரு பூவைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இஞ்சை பார். இதுதான் உன்ரை பிரச்சினை. நடு இதழ் இறுகேல்லை. இதை ஆராவது கலியாணத்துக்கு வைப்பினமோ?"

அடியில் வெள்ளை முடிச்சு.

அவர்களின் பூ. அவர்கள் தந்த பூ. 'இப்படிச் செய்' என்று தந்த பூ!

சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன். "அடுத்த முறை வடிவாய்ச் செய்யிறன் மிஸ்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி வந்துவிட்டேன்.

என் பூவில் பிழையே இருந்ததில்லை. கழிக்கிறதுதான் அவையின்ரை வேலை. முதல் நூறுக்குத் தந்த காசு என் பூவுக்கு இல்லை, என் குரலுக்கு. பூ வாங்குகிற கனடாக்காரன் ஒருவனும் இல்லை. பெட்டி வாங்குகிற நாங்கள்தான் இருக்கிறோம்.

1 ஓகஸ்ட், வியாழன்

ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் மாதிரியைச் செருகினதையும் சொல்ல வேண்டும். சாட்சி சொன்னவளே கள்ளி என்பார்கள்.

அம்மாவுக்குக் காய்ச்சல் விடட்டும்.

4 ஓகஸ்ட், ஞாயிறு

பின்னேரம் தக்சாயினி அக்கா வேலியடிக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ரெண்டு ஆட்டை வித்துப்போட்டன், நிஷா. குட்டித்தாச்சி ஒண்டுதான் மிச்சம்."

"ஏன் அக்கா?"

"மெசினுக்கு! றிபன் மடிக்கிற மெசின். அது இருந்தால் கழிவே வராதாம். முற்பணம் கட்டினால் அடுத்த மாதம் வீட்டை கொண்டுவந்து தருவினமாம். நாளைக்குக் காலமை போறன். மனிசனுக்குச் சொல்லாதை, மெசின் வந்தாப்பிறகு காட்டுவம்."

நான் வாயைத் திறந்தேன். திறந்தேன், அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"என்ன நிஷா?"

"ஒண்டுமில்லை அக்கா."

5 ஓகஸ்ட், திங்கள்

ஏழு மணி பஸ்ஸில் போனார். போகும்போது பிள்ளையை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்.

6 ஓகஸ்ட், செவ்வாய்

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். பூவைச் செருகினதையும் சொன்னேன். அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"வெள்ளை நூல்தானோ? வடிவாய்ப் பாத்தனியோ?"

"ஓம்."

"எனக்கு நம்பேலாமல் கிடக்கு, பிள்ளை. அந்த மனிசி அவ்வளவு கண்ணீர் விட்டு ஜெபிக்கிறது."

அப்பா வாசலில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். நொட்டை ஒன்றும் சொல்லவில்லை. "நாளைக்கு ஜஸ்ரின் வீட்டுக் கூட்டத்துக்கு அவ ஆறு பெட்டியோடை வாறாவாம். எடுக்கிற சனத்துக்கு ஆர் சொல்லுறது?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

7 ஓகஸ்ட், புதன்

பாட்டு முடிந்தது. வேதம் வாசித்தார்கள். சுவரோரம் ஆறு பெட்டி அடுக்கியிருந்தது. "சாட்சி சொல்ல ஆரும் இருக்கினமோ?" என்று ஜஸ்ரின் அங்கிள் கேட்டார். எழுந்தேன்.

"மாதிரிப் பூவையே கழிச்சவ," என்றேன்.

ஒருவருக்கும் விளங்கவில்லை. "என்ன பூ பிள்ளை? சத்தமாய்ச் சொல்லு." துண்டு துண்டாகச் சொன்னேன். பூனை சிதைத்தது, ஒன்று குறைந்தது, செருகினது, வெள்ளை முடிச்சு. "வேலை சரியில்லையெண்டு சொல்லுறது பொய். ஒருத்தரும் காசு கட்டாதேங்கோ." அவ்வளவும் சொன்னேன். என் வாழ்க்கையிலேயே இவ்வளவு கதைத்ததில்லை.

ஜெனிற்றா மிஸ்ஸுக்கு முகம் மாறவே இல்லை. எழுந்து எனக்குப் பக்கத்தில் வந்தார்.

"பிள்ளை நூறு செய்யேலாமல், மாதிரியைக் களவாய்ச் செருகினதைத் தன்ரை வாயாலையே அறிக்கை பண்ணிப்போட்டுது. நான் கோவிக்கேல்லை. பள்ளிக்கூடத்தாலையும் நிண்ட பிள்ளை. மனசிலை ஒரு சோர்வு. நாங்கள் எல்லாரும் இந்தப் பிள்ளைக்காக ஜெபிப்பம்."

என் தலையில் கையை வைத்தார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். எல்லோரும்! எனக்காக ஜெபித்தார்கள். என்னைச் சிறுபிள்ளையிலிருந்து தெரிந்த சனம். கள்ளிக்காக, மனம் சரியில்லாதவளுக்காக உருகி உருகி ஜெபித்தார்கள். அந்தக் கையில் சந்தன சோப் மணத்தது.

நான் கண்ணை மூடவில்லை. அம்மாவும் மூடவில்லை. ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போதே அம்மா எழுந்து வந்து, அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்து, என் தலையிலிருந்து எடுத்துவிட்டார்.

"காணும், விடுங்கோ," என்றார்.

நாங்கள் வெளியே வந்துவிட்டோம். ஆறு பெட்டியில் நாலு போனதாம். இரண்டு மிச்சமாம். என் சாட்சிக்கு இரண்டு பெட்டி பெறுமதி.

8 ஓகஸ்ட், வியாழன்

தக்சாயினி அக்காவிடம் நானே போனேன். கூட்டத்தில் நடந்தது அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

"எப்ப உனக்குத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"போன கிழமை, புதன்."

அவர் விரல் மடித்து எண்ணினார். புதன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. ஐந்தாவது விரலைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"ஞாயிறு நீ வேலியடியிலை நிண்டனீ."

"ஓம் அக்கா."

"ஆட்டை வித்தது உனக்குச் சொன்னனான்."

"ஓம்."

"உனக்கு வாயில்லையெண்டுதான் நான் உன்னை நம்பினது," என்றார். "அந்த வாயில்லாததாலைதான் நான் அழிஞ்சு போனன்."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். மெல்லத்தான் சொன்னார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

16 ஓகஸ்ட், வெள்ளி

அப்பாவோடு சாவகச்சேரிக்குப் போனேன். மேல்மாடி பூட்டு. ஜெனிற்றாவின் போன் வேலை செய்யவில்லை. (இனி மிஸ் இல்லை.) கடையின் சொந்தக்காரர் தியாகராசா என்பவர் திறப்போடு வந்தார்.

"எனக்கும் ரெண்டு மாத வாடகை தரேல்லை. வந்து பாருங்கோ."

மேசை இல்லை. கதிரை இல்லை. மூலையில் ஒன்பது உரப்பை, வாய் கட்டாமல். எல்லாம் பூ. சிவப்பு, ரோஸ், வெள்ளை. எல்லோருடைய பூவும், ஒன்றுகூட வெளியே போகாமல். எத்தனை வீட்டு விரல்கள்.

"கொண்டுபோறதெண்டால் கொண்டுபோங்கோ, தம்பி. இதை எரிக்க நான் ஆள் பிடிக்க வேணும்."

அப்பா ஒரு பூவை எடுத்துப் பார்த்தார். மதில் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "நேர்த்தியான வேலை," என்றார். யார் செய்தது என்று தெரியாது. நாங்கள் ஒன்றும் கொண்டுவரவில்லை.

18 ஓகஸ்ட், ஞாயிறு

கோயில் முடிந்த கையோடு ஐந்து பெண்கள் எங்கள் படலைக்கு வந்தார்கள். நாலு பெட்டி எடுத்த நாலு பேரும், ஜஸ்ரின் அங்கிளின் மனிசியும்.

"உன்ரை சாட்சியைக் கேட்டுத்தானடி நாங்கள் கட்டினது!"

"ஜெனிற்றாவிட்டை உனக்கு எவ்வளவு பங்கு?"

"சொன்னவள்தானே அவள்," என்றார் அம்மா. "உங்களுக்கு முன்னாலை எழும்பி நிண்டு சொன்னவள்."

"எங்களுக்கு விளங்கிற மாதிரி எல்லோ சொல்லியிருக்க வேணும்!"

எனக்காகக் கண்ணை மூடி ஜெபித்தவையும் இவைதான். ஜெனிற்றாவை ஒருத்தியும் ஏசேல்லை. ஏச அவள் இஞ்சை இல்லையே. நான்தான் இருக்கிறன். நான் எப்பவும் வீட்டிலைதானே இருக்கிறன்.

22 ஓகஸ்ட், வியாழன்

அப்பாவும் நானும் பொலிசில் முறைப்பாடு கொடுத்தோம். பற்றுச்சீட்டைக் கேட்டார்கள். கொடுத்தோம். வாசித்துக் காட்டினார்கள்: 'பயிற்சிக் கட்டணம். திருப்பித் தரப்படமாட்டாது.' கீழே அம்மாவின் கையெழுத்து. அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வாசிக்கத் தெரியும். ஒருவரும் அதை வாசிக்கவில்லை.

பிறகு அந்தப் பொலிஸ்காரர் தன் போனில் ஒன்றைப் போட்டார். "நான்... நான் நிஷானி, சண்டிலிப்பாய்."

"இது நீங்களோ?"

"ஓம்."

அதையும் எழுதிக்கொண்டார். எங்களுக்கு முதல் ஏழு பேர் வந்து எழுதிவிட்டுப் போயிருக்கிறார்களாம். ஏழு பேரும் என் குரலைக் கேட்டவர்கள்.

14 செப்டெம்பர், சனி

தக்சாயினி அக்காவின் மிச்ச ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

29 செப்டெம்பர், ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. அப்பாவும் போகவில்லை. அம்மா போய் வந்தார். பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லையாம். "விசாலமாய் இருந்து பாட்டுப் படிச்சன்," என்றார்.

10 ஒக்ரோபர், வியாழன்

காலை பத்து மணிக்கு ஒரு பெண் படலையைத் தட்டினார். நாற்பது வயது இருக்கும். முன்னே பின்னே தெரியாத முகம். அம்மா கடைக்குப் போயிருந்தார்.

"நிஷானி எண்டது ஆர்?"

இன்னும் ஒருவர் ஏச வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"நான்தான்."

அவர் போனை எடுத்து என் குரலைப் போட்டார். அதே தடக்கல். "நான் அளவெட்டி. இது நீதானோ பிள்ளை?"

"ஓம்."

"மானிப்பாய்ப் பக்கம் ஒரு இடத்திலை வேலை குடுக்கினம். பேர் வேறை. ஆனால் உன்ரை குரலைத்தான் அனுப்பியிருக்கினம். காசு கட்டத்தான் வெளிக்கிட்டு வந்தனான்." தோள்பையை அமர்த்திப் பிடித்துக்கொண்டார்.

படலைக்கு உள்ளே கூப்பிட்டேன். முதலிலிருந்து சொன்னேன். முதல் நூறுக்குக் காசு தருவார்கள் என்று சொன்னேன். அதற்குப் பிறகு எது கொடுத்தாலும் கழிப்பார்கள், கழித்ததைத் திருப்பித் தர மாட்டார்கள், பிறகு மெசின் என்பார்கள் என்று சொன்னேன். "பூ ஆருக்குப் போகுது, அந்த ஆளின்ரை பேரைத் தாங்கோ எண்டு கேளுங்கோ. பற்றுச்சீட்டிலை என்ன எழுதியிருக்கெண்டு கட்ட முதல் வாசியுங்கோ." மாதிரியைச் செருகினதையும் சொன்னேன். ஆட்டைப் பற்றியும் சொன்னேன். தடக்குப்பட்டேனா தெரியாது. கவனிக்கவில்லை.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "அப்ப ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீ?" என்றார்.

"அண்டைக்கு அது உண்மையெண்டு நினைச்சன்."

தண்ணி கேட்டார், கொடுத்தேன். திரும்பிப் போக பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். சொன்னேன்.

"வீட்டை எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"

"பஸ்ஸிலை உந்தக் குரலைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டுக்கொண்டு வந்தன். பக்கத்திலை ஒரு பிள்ளை, மடியிலை சின்னப் பெட்டை ஒண்டோடை. பேசாமல் வந்தது. இறங்கேக்கை என்ரை கையைப் பிடிச்சு இழுத்து இறக்கிப்போட்டுது! 'மானிப்பாய்க்குப் பிறகு போகலாம், முதல் உந்த வீட்டிலை கேளுங்கோ' எண்டு படலையைக் காட்டிப்போட்டு உந்தப் பக்கமாய்ப் போயிட்டுது."

அவர் கை காட்டிய பக்கம் தகர வேலி.

பின்னேரம் வேலியடியில் போய் நின்றேன். தக்சாயினி அக்கா குட்டிகளுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். நான் நிற்பது அவருக்குத் தெரியும். கட்டி முடித்து, கயிற்றை இழுத்துப் பார்த்து, திரும்பிப் பாராமல் உள்ளே போனார்.

நான் கூப்பிடவில்லை.